விழட்டும்... எழுப்ப ஆள் இருக்கா?



மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு கவிதை. நிலவைப் பற்றியும் நீள்விழியாளைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் ஆளுக்கா பஞ்சம்? அதனால் அடியேன் விடுதித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். முகம் சுளிக்காதீர்கள். அந்தத் தொட்டி ஒருநாள் விடியற்காலையில் காலியாகிக் கிடந்தபோது வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறவர்கள்தான். அதற்குக் காரணம் யார் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரியாது. நான்தான். சரியாகச் சொன்னால், நான் எழுதிய ஒரு ப்ராசஸ்.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு ப்ரோக்ராமை, அது சாகவே கூடாது என்று பொத்திப் பொத்தி எழுதுகிறோமே, அதனாலேயே அது நின்று போகிறது. அப்படி எழுத நம்மைப் பழக்குவது நம்முடைய ரிவ்யூவும் வைவாவும்தான். கோபப்படுகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தண்ணீர் எல்லோருக்கும் பொது.

எங்கள் ப்ராஜெக்ட் இதுதான். மூன்று மாடி விடுதி, உச்சியில் தொட்டி, கீழே மோட்டார். மோட்டார் போடுகிறவரை நாம் எல்லோரும் 'மோட்டார் அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை டார்ச் லைட்டோடு மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார். முழங்கால் வலி வேறு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து தொட்டி மூடியில் ஓர் அல்ட்ராசானிக் சென்சார் மாட்டினோம். அதன் அளவை ஓர் ஆர்டுயினோ படித்து, நீளமான வயர் வழியாகக் கீழே அண்ணன் அறையில் இருக்கும் ராஸ்பெர்ரி பைக்கு அனுப்பும். பையில் ஓடும் ப்ரோக்ராம் நிமிஷத்துக்கு ஒருமுறை அதை வாங்கித் திரையில் 'தண்ணீர் இத்தனை சதவீதம்' என்று காட்டும். 30-க்குக் கீழே போனால் மணி அடிக்கும். அவ்வளவுதான். "இனிமே ஏற வேண்டாம் அண்ணே, நிம்மதியாத் தூங்குங்க, மணி அடிச்சா மோட்டார் போடுங்க"ன்னு சொன்னது நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரோக்ராமை எலிக்ஸர் என்ற மொழியில் எழுதினேன். மற்ற மூவரும் பைத்தான் என்றார்கள். பைத்தானிலும் தாராளமாகச் செய்யலாம், அதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் 'நிற்காமல் ஓடுவது' என்பதையே தொழிலாக வைத்துப் பிறந்த மொழி ஒன்று இருக்கும்போது அதைப் பார்க்காமல் விடுவானேன் என்று எனக்கு ஓர் ஆசை.

ஆசை இருந்தால் போதுமா? முதல் நாளே அடி. லேப்டாப்பிலிருந்து பைக்குள் நுழைந்து, எலிக்ஸரின் ஊடாடும் திரையைத் திறந்து, அதிலேயே ஸ்பான் போட்டு ஒரு ப்ராசஸைக் கிளப்பிவிட்டேன். அழகாக ஓடியது. லேப்டாப்பை மூடிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய் வந்து பார்த்தால், எல்லாம் பூஜ்யம்! யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. எலிக்ஸர் ப்ராசஸ் என்பது விண்டோஸிலோ லினக்ஸிலோ நாம் பார்க்கும் ப்ராசஸ் அல்ல. பீம் என்ற மெய்நிகர் இயந்திரத்துக்குள் குடியிருக்கும் சின்னஞ்சிறு ஜீவன் அது. ஒரே இயந்திரத்துக்குள் இலட்சக்கணக்கில் குடியிருக்கலாம். ஆனால் வீடே இடிந்தால் குடியிருப்பவர் எங்கே போவார்? நான் லேப்டாப்பை மூடியதும் இணைப்பு அறுந்தது, திரை மூடியது, பீமும் போயிற்று. அடுத்து கோப்பில் எழுதி 'மிக்ஸ் ரன்' என்று ஓட்டினேன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. கோப்பின் கடைசி வரி வந்ததும் வேலை முடிந்தது என்று அது மூட்டை கட்டிக்கொள்கிறது. 'நோ ஹால்ட்' என்று கூடச் சேர்த்துச் சொன்னால்தான் நிற்காமல் இருக்கும். இந்த இரண்டு குழியிலும் விழாதவர் யாரும் இருக்க முடியாது. விழுந்தவர்கள் வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது வடிவம் உருப்படியாக வந்தது. எடுத்துக்காட்டுகளைப் பார்த்து (காப்பி அடித்து என்றும் சொல்லலாம், ஹி... ஹி...) ஜென்செர்வர் என்ற அமைப்பில் எழுதினேன். அதில் 'லூப்' என்று ஒன்று கிடையாது. ப்ராசஸ் பிறந்தவுடன் தனக்குத்தானே ஒரு அலாரம் வைத்துக்கொள்ளும்: 'இன்னும் 60,000 மில்லி செகண்டில் எனக்கு ஒரு செய்தி வரட்டும்' என்று. பிறகு தூங்கும். செய்தி வந்ததும் எழுந்து அளவைப் படிக்கும், திரையில் போடும், அடுத்த அலாரத்தை வைக்கும், மறுபடி தூங்கும். நம்மில் பலர் செமஸ்டர் முழுவதும் செய்வது இதைத்தான், அலாரம் மட்டும் வைப்பதில்லை. நடுவில் யாராவது 'இப்போ தண்ணி எவ்வளவு?' என்று கேட்டாலும் தூக்கத்திலிருந்து எழுந்து பதில் சொல்லும். வட்டம் போட்டு ஓடிக்கொண்டே இருக்கும் லூப்புக்குக் காது கிடையாது, இதற்கு உண்டு. இந்த ஜென்செர்வரை ஒரு சூப்பர்வைசருக்குக் கீழே வைத்தேன். சூப்பர்வைசரும் ஒரு ப்ராசஸ்தான். அதற்கு ஒரே வேலை, தன் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பது. ஒன்று செத்தால் புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பது.

இப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இரண்டாவது ரிவ்யூ அன்று எங்கள் கைடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வயரைக் காலால் இடறினார்கள். ஆர்டுயினோவிலிருந்து அரைகுறையாக ஒரு வரி வந்தது. எண் வர வேண்டிய இடத்தில் ஏதோ குப்பை. குப்பையை எண்ணாக மாற்றப் போன ப்ராசஸ் அங்கேயே செத்தது. திரையில் பத்து வரி சிவப்பாகக் கொட்டியது. சூப்பர்வைசர் அதே நொடியில் புதிய ப்ராசஸை எழுப்பி, அடுத்த நிமிஷம் அளவும் சரியாக வந்துவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் சிவப்புதான். "என்னப்பா இது, இவ்வளவு எரர்? வைவாவுக்குள்ள இதை எடுத்துடு" என்றார். கூட இருந்த நண்பர்களும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

எடுத்தேன். எப்படி எடுத்தேன்? அளவு படிக்கும் பகுதி முழுவதையும் ஒரு 'ட்ரை - ரெஸ்க்யூ'வுக்குள் போட்டு மூடினேன். எந்தப் பிழை வந்தாலும் பிடித்துக்கொள், ஒன்றும் சொல்லாதே, பழைய நிலையிலேயே இரு. சிவப்பு வரி போயே போச்சு. அடுத்த ரிவ்யூவில் 'வெரி குட்' கூட வாங்கினேன்.

போர்டு ப்ராக்டிகலுக்கு முந்தின ராத்திரி. 1.40-க்கு கரண்ட் கண் சிமிட்டியது. பைக்குச் சின்ன யூ.பி.எஸ். இருந்தது, ஆர்டுயினோவுக்கு இல்லை. அது அணைந்து எழும்போது அரை வரியைத் துப்பியது. என் ப்ராசஸ் அதைப் படித்தது, பிழை வந்தது, ரெஸ்க்யூ பிடித்துக்கொண்டது, பழைய நிலைக்குத் திரும்பியது. எல்லாம் நான் எழுதியபடியே நடந்தது. ஒன்றைத் தவிர. அடுத்த அலாரம் வைக்கும் வரி, அளவு படிக்கும் வரிக்குக் கீழே, அதே மூடிக்குள் இருந்தது. பிழை வந்தால் அந்த வரிக்குப் போகவே மாட்டோம். அலாரம் வைக்காமல் என் ப்ராசஸ் தூங்கிப் போனது. சாகவில்லை! உயிரோடுதான் இருந்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தால் 'பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறான்' என்றுதான் தெரியும். திரையிலோ கடைசியாகப் படித்த 72 அப்படியே நின்றது.

அன்றைக்கென்று பார்த்து இரண்டாம் மாடிக் குளியலறையில் யாரோ ஒரு குழாயை மூடாமல் போயிருக்கிறார்கள். 72, 50 ஆகி, 30 ஆகி, ஒன்றுமில்லாமல் போனது. மணி அடிக்கவில்லை. ஐந்தரைக்கு நீங்கள் எல்லாம் எழுந்து வாளியோடு நின்றீர்கள்.

வார்டன் வந்து மோட்டார் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "தூங்கிட்டியாய்யா? பரீட்சை அன்னிக்கா இப்படிப் பண்ணுவே?" அண்ணன் திரையைக் கை காட்டி, "போர்டுல எழுபத்திரெண்டு காட்டுது சார், இப்பக்கூட அப்படித்தான் காட்டுது" என்றார். "மெஷின் மேல பழியைப் போடாதே" என்று பதில். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் வாளி. வாய் திறக்கவில்லை. ப்ராக்டிகல் முடித்துவிட்டு, சாயந்திரம்தான் வார்டன் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. அன்று இரவிலிருந்து மறுபடியும் படியேற ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 1.40-க்கு என்ன நடந்தது என்று ஒரு வரி கூட இல்லை. இருந்திருக்கும், நான் மூடாமல் இருந்திருந்தால். காவல்காரனை நானே வேலைக்கு வைத்து, அவன் கண்ணையும் நானே கட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்த மொழி எங்கிருந்து வந்தது என்று ஒழுங்காகப் படித்தேன். எலிக்ஸர் இளசு. பிரேசில்காரர் ஜோசே வாலிம் தொடங்கிய மொழி, அதன் 1.0 வடிவம் 2014-இல் வந்தது. ஆனால் அது ஓடும் பீம் இயந்திரம் எர்லாங் என்ற மொழியினுடையது. எர்லாங் பிறந்தது ஸ்வீடனில், எரிக்ஸன் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், 1986 வாக்கில். ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் என்று மூவர். (ஈ.சி.இ. நண்பர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் மண்டையில் மணி அடிக்கும். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் 'எர்லாங்' அலகு! டென்மார்க் கணித அறிஞர் அக்னர் எர்லாங்கின் பெயர்தான் இரண்டுக்கும்.) அவர்கள் முன்னால் இருந்த சிக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அதில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் அழைப்பில் கோளாறு வந்தால் அந்த ஒரு அழைப்பு அறுந்து போகலாம், அடுத்தவர் அழைப்பு அறுகக் கூடாது. எக்ஸ்சேஞ்சை நிறுத்திப் பழுது பார்க்கவும் முடியாது. எனவே ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனி ப்ராசஸ். ஒன்றின் நினைவை இன்னொன்று தொட முடியாது. கோளாறு வந்ததா? தனக்குள்ளேயே ஒட்டுப்போட்டுக் கொண்டு தடுமாற வேண்டாம், செத்துப் போ, சாகும்போது பக்கத்திலிருப்பவனிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போ. அவன் பார்த்துக்கொள்வான். 'சாகட்டும் விடு' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 1998-இல் எரிக்ஸனின் ஒரு பிரிவே 'புதிய பொருள்களுக்கு எர்லாங் வேண்டாம்' என்று தடை போட்டது. அதே ஆண்டு மொழியை உலகத்துக்கு இலவசமாகத் திறந்தும் விட்டார்கள். வீட்டில் வேண்டாம் என்ற பிள்ளை வெளியே போய்ப் பிழைத்துக்கொண்டது. வாட்ஸ்அப் நிறுவனம் தன் சர்வர்களை எர்லாங்கில்தான் எழுதியது. 2003-இல் ஆம்ஸ்ட்ராங் ஸ்டாக்ஹோமில் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு முழுவதுமே 'பிழை இருக்கத்தான் செய்யும், அதை வைத்துக்கொண்டே நம்பகமான அமைப்பை எப்படிக் கட்டுவது' என்பதுதான். பிழையே இல்லாமல் எழுது என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். நமக்கு எந்தப் பாடத்திலாவது யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா?

ஆனால் நாம் எல்லோரும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். லேப்பில் சிஸ்டம் உறைந்து போனால் லேப் அசிஸ்டென்ட் என்ன சொல்வார்? "ரீஸ்டார்ட் பண்ணுப்பா." வீட்டில் டி.வி. தகராறு பண்ணினால் அம்மா சொல்வது? "அணைச்சிட்டுப் போடு." சூப்பர்வைசர் என்பது அந்த லேப் அசிஸ்டென்ட்தான். என்ன, கூப்பிடாமலே வருவார், மொத்த சிஸ்டத்தையும் அணைக்காமல் கெட்டுப்போன ஒரு சின்னத் துண்டை மட்டும் அணைத்துப் போடுவார். ரீஸ்டார்ட் ஏன் வேலை செய்கிறது? வயரில் வரும் இரைச்சல், கரண்ட் சிமிட்டல், ஒரு நொடி தாமதம்... இவையெல்லாம் வந்து போகும் கோளாறுகள். சுத்தமான நிலையிலிருந்து மறுபடி தொடங்கினால் இரண்டாம் முறை அவை இருக்காது. நம் கணக்கே தப்பு என்றால் நூறு முறை எழுப்பினாலும் நூறு முறையும் விழும். அதற்கு மருந்து ரீஸ்டார்ட் அல்ல, கணக்கைத் திருத்துவதுதான். 'சாகட்டும் விடு' என்பதைச் சோம்பேறிகளுக்கு எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, என் தொட்டிக்கு வருவோம். ட்ரை - ரெஸ்க்யூ முழுவதையும் பிடுங்கி எறிந்தேன். நாற்பது வரி குறைந்தது. குப்பை வந்தால் சாகட்டும். புதிதாகப் பிறக்கும்போது முதல் வேலையே அலாரம் வைப்பதுதான், ஆகவே சங்கிலி அறுகாது. சிவப்பு வரி வரும். வரட்டும், அது பதிவுக் கோப்பில் போய் உட்காரட்டும், நாளைக்குக் காரணம் தேட அதுதான் கிடைக்கும். சூப்பர்வைசரிடம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லி வைக்கலாம். 'பர்மனென்ட்' என்றால் எப்படிச் செத்தாலும் எழுப்பு. 'ட்ரான்ஸியன்ட்' என்றால் வேலை முடித்து நல்லபடியாகப் போனால் விட்டுவிடு, கோளாறால் செத்தால் மட்டும் எழுப்பு. 'டெம்பரரி' என்றால் செத்தது செத்ததுதான். தொட்டிக்கு பர்மனென்ட். கேட்க கவர்ன்மென்ட் வேலை மாதிரி இருக்கிறது இல்லையா?

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சோதனைக்கு வயரையே பிடுங்கினேன். ப்ராசஸ் செத்தது, எழுந்தது, பிறக்கும்போதே வயரைத் தேடியது, இல்லை, செத்தது, எழுந்தது, செத்தது... சில நொடிகளில் சூப்பர்வைசரே செத்தது! அதன் பின்னாலேயே அப்ளிகேஷன், அதன் பின்னாலேயே பீம் மொத்தமும். திரை கறுப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காப்பாற்ற வந்தவன் இவனா?

படித்துப் பார்த்தால் அதுவும் யோசித்துச் செய்ததுதான். நாமாக மாற்றாதவரை சூப்பர்வைசருக்கு ஒரு கணக்கு உண்டு. 5 நொடிக்குள் 3 முறை எழுப்பும். நான்காம் முறையும் விழுந்தால், 'இது என்னால் ஆகாது, எனக்கு மேலே இருப்பவர் பார்க்கட்டும்' என்று தானும் ராஜினாமா செய்துவிடும். எழுப்பி எழுப்பிப் பார்த்தும் விழுகிறான் என்றால் நோய் அவனிடம் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். எங்கள் குழுவில் ஒருவன் "அந்த 3-ஐ ஒரு லட்சமாக்கிடுடா" என்றான். ஆக்கினால் என்ன ஆகும்? வயர் இல்லாத நேரம் முழுவதும் செத்துச் செத்துப் பிழைக்கும், பதிவுக் கோப்பு மெமரி கார்டை நிரப்பும். அதுவும் ஒருவகைத் துணி போட்டு மூடுவதுதான்.

என் தப்பு வேறு. வயர் பிடுங்கப்படுவது எதிர்பாராத கோளாறு அல்ல. எலி கடிக்கும், தம்பிமார் இடறுவார்கள், மழையில் இணைப்பு துருப்பிடிக்கும். நடக்கும் என்று தெரிந்த ஒன்றுக்குச் சாகக் கூடாது, அதை ஒரு நிலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்போது என் ப்ராசஸ் பிறக்கும்போது வயரைக் கட்டாயப்படுத்துவதில்லை. 'வயர் இல்லை' என்ற நிலையில் அமைதியாக எழுந்து, திரையில் அப்படியே எழுதிவிட்டு, பத்து நொடிக்கு ஒருமுறை தேடிப் பார்க்கிறது. தெரிந்த துன்பத்துக்குத் தயாராக இரு, தெரியாத துன்பத்துக்குச் செத்துப் போ. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் மூளை வேலை இருக்கிறது, மற்றதெல்லாம் தட்டச்சு.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த ராத்திரி என் ப்ராசஸ் சாகவில்லையே, உயிரோடு சும்மாதானே இருந்தது? சூப்பர்வைசருக்குச் சாவு தெரியும், சோம்பல் தெரியாது. ஆகவே தனியாக ஒரு குட்டி ப்ராசஸ் எழுதினேன். அது அளவைப் பார்ப்பதே இல்லை. கடைசி அளவு எப்போது வந்தது என்று மட்டும் பார்க்கும். மூன்று நிமிஷத்துக்கு மேல் பழையது என்றால் மணியை அடித்துவிடும். திரையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தைப் போட்டேன். '72, நேரம் 1.39' என்று இருந்திருந்தால் அண்ணன் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். நேரம் போடாத அளவு, அப்சர்வேஷன் நோட்டில் நாம் சமைத்து எழுதும் ரீடிங் மாதிரி. பார்க்க அழகாக இருக்கும்.

செத்துப் பிறக்கும்போது நினைவு போய்விடுமே என்று கேட்பீர்கள். போகத்தான் செய்யும், அதுதான் அதன் நன்மையும். இன்று மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடியது என்பது போல் தொலைக்கக் கூடாததை மட்டும் கோப்பில் எழுதி வைக்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற ஆசைப்பட்டால், கெட்டுப்போன நினைவையும் சேர்த்துக் காப்பாற்றி, பிறந்தவுடன் மறுபடி அதே இடத்தில் விழுவோம். நானே இரண்டு நாள் இதில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்புறம் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். சூப்பர்வைசர் செத்தால் பீம் சாகும். பீம் செத்தால் எழுப்ப லினக்ஸின் சிஸ்டம்டி இருக்கிறது, 'எப்போதும் மறுபடி தொடங்கு' என்று அதன் கோப்பில் ஒரு வரி. லினக்ஸே உறைந்தால் பையின் சில்லுக்குள்ளேயே ஒரு வாட்ச்டாக் டைமர் உண்டு, குறித்த நேரத்துக்குள் அதைத் தட்டிக் கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். அதற்கும் மேலே? கரண்டே இல்லாவிட்டால்? மோட்டார் அண்ணன்தான். படத்தை ரிப்போர்ட்டில் வரையும்போது மரத்தின் உச்சியில் அவரையும் ஒரு பெட்டியாக வரைந்தேன். கைடு சிரித்தார், அடிக்கச் சொல்லவில்லை.

இனி என் வழக்கு. எங்கள் வைவா எட்டு நிமிஷம் நடந்தது. ஐந்து நிமிஷம் ரிப்போர்ட் பைண்டிங், பக்க ஓரம், எழுத்தின் அளவு. மூன்று நிமிஷம் ப்ரோக்ராம். திரையில் எண் ஓடியது, தலையாட்டினார்கள். "சார், அந்த வயரைப் பிடுங்கிப் பாருங்க" என்றேன். எக்ஸ்டர்னல் சிரித்துக்கொண்டே, "ஓடுறதை ஏன்ப்பா கெடுக்கறே?" என்றார். நல்ல மனிதர், மார்க்கும் நிறையத்தான் போட்டார். ஆனால் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது நம் கதை. பத்து நிமிஷம் விழாமல் இருந்தால் மார்க் என்றால், எவன் விழுந்து எழுவதைப் பற்றி யோசிப்பான்? பிழையைக் காட்டினால் மார்க் போகும் என்றால் எவன் காட்டுவான்? நான் மூடியது போல எல்லோரும் மூடத்தான் செய்வோம். நாளைக்கு இதே கையோடு நாம் தொழிற்சாலைக்குப் போவோம், மின்வாரியத்துக்குப் போவோம், ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குப் போவோம். அங்கே திரையில் 72 நின்றுகொண்டிருந்தால் வாளியோடு போய்விடாது.

வைவாவை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மாணவர் பேரவை நடத்தும் ப்ராஜெக்ட் கண்காட்சி நம் கையில்தானே இருக்கிறது? அடுத்த ஆண்டு பேரவை நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. கண்காட்சிக்கு ஏழு நாள் முன்பே கருவிகளை வாங்கி ஒரு அறையில் வையுங்கள். இரவும் பகலும் ஓடட்டும். முதலாண்டுத் தம்பி தங்கைகள் யார் வேண்டுமானாலும் வந்து எந்த வயரை வேண்டுமானாலும் பிடுங்கலாம், மறுபடி சொருகலாம், மெயினை அணைத்துப் போடலாம். ஏழாம் நாள் யாருடையது தானாக எழுந்து நிற்கிறதோ, எத்தனை முறை விழுந்தேன் என்று ஒளிக்காமல் பட்டியல் காட்டுகிறதோ, அதற்குப் பரிசு கொடுங்கள். எலிக்ஸரில்தான் எழுத வேண்டும் என்றெல்லாம் இல்லை. நாளைக்கு ஒருமுறை ஓடினால் போதும் என்கிற வேலைக்கு லினக்ஸின் க்ரான் ஒன்றே போதும், இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். ரிலே வைத்து எலெக்ட்ரிகல்காரர்கள் செய்தாலும் சரி. "கருவி கெட்டுப் போகுமே" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கெடட்டும், இங்கே நம் முன்னால் கெடட்டும்.

பெட்டியை இரண்டாம் ஆண்டுத் தம்பிகளிடம் ஒப்படைத்துவிட்டோம். இதை எழுதும் நாள் வரை பதிவுக் கோப்பில் பதினேழு சாவுகள், தண்ணீர் ஒருமுறையும் நிற்கவில்லை. மோட்டார் அண்ணன் நாலு மணி ஏற்றத்தை விட்டுவிட்டார், இரண்டு மணிக்கு மட்டும் இன்னும் ஏறுகிறார். நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தம்பிகளே, சென்சாரின் முகத்தில் ஈரம் படியும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். துணி அண்ணன் அறையில், திரைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.